ஐந்து மணி ஹாஸ்டல், ஏழு மணி வார்டு

காலை ஐந்து மணிக்கு எங்கள் நர்சிங் ஹாஸ்டலின் இரண்டாவது மாடி எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண வீடுதான்! ஒரு அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு வரிசை. பக்கத்து அறையில் ஹேர்பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒருத்தி இன்னொருத்திக்குக் கொண்டை போடுகிறாள். வராந்தாவில் ஒரு பிள்ளை மேலும் கீழும் நடந்தபடி, "அறுபதுலேர்ந்து நூறு, பன்னிரண்டுலேர்ந்து இருபது" என்று கந்த சஷ்டிக் கவசம் போல முணுமுணுக்கிறாள். ஒரு நிமிடத்துக்கு நாடி எத்தனை, மூச்சு எத்தனை என்ற கணக்கு அது. என்னைப் பார்த்ததும் "குட்மார்னிங் மேம்" சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பன்னிரண்டு, இருபது.

இன்று இவர்களுக்கு முதல் கிளினிக்கல் போஸ்டிங். நான் இவர்களுடைய கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். பதினெட்டு வருடமாக இதே வேலை. பதினெட்டு வருடமாக முதல் நாளுக்கு முந்தின ராத்திரி எனக்கும் தூக்கம் வந்ததில்லை. அவ்வளவு சந்தோஷம்! நோயாளியும் அவர் வீட்டாரும் பார்ப்பது கட்டில் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் நிற்கிற ஒரு பிள்ளையை மட்டும்தான். அந்தப் பிள்ளை அங்கே வந்து நிற்பதற்குள் நடக்கிற திருவிழாவை யாரும் பார்ப்பதில்லை. இன்று உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சத்தம் போடாமல் வாருங்கள்!

முதலில் பாக்கெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். 'பாக்கெட் ஆர்ட்டிக்கிள்ஸ்' என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. பேனா டார்ச், சின்னக் கத்தரி, இஞ்ச் டேப், தெர்மாமீட்டர், இரண்டு பேனா, உள்ளங்கை அளவு நோட்டு. இரண்டு பேனா ஏன் என்கிறீர்களா? ஒன்றை டாக்டர் ரவுண்ட்ஸில் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நொடிமுள் உள்ள கடிகாரம் கட்டாயம் வேண்டும். ஆனால் மணிக்கட்டில் கட்டக்கூடாது. முழங்கைக்குக் கீழே வளையல், மோதிரம், கயிறு எதுவும் இருந்தால் கை சரியாகக் கழுவப்படாது. அதனால் கடிகாரம் நெஞ்சில் தலைகீழாகத் தொங்குகிறது. எதிரே நிற்பவருக்குத்தான் அது தலைகீழ், குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு நேர்!

சங்கரன்கோவில் பிள்ளை ஒருத்திக்கு நேற்று ஊரிலிருந்து அம்மா ஒரு பந்துப் பிச்சிப்பூ கொடுத்தனுப்பியிருக்கிறார். டூட்டியில் பூ கிடையாது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. மேசை மேல் இருக்கிற அம்மா படத்துக்குச் சுற்றிவிட்டு, ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கிளம்பினாள். கீழே பையன்கள் ஏழு பேர், முகம் மழுங்கச் சிரைத்து, ஷூ பளபளக்க, மெஸ் வாசலில் நிற்கிறார்கள்.

மெஸ்ஸில் நான் காவல் நிற்பேன். இட்லி சாப்பிடாமல் ஒருவரும் பேருந்தில் ஏற முடியாது. என் முதல் போஸ்டிங்கில் பயத்தில் ஒரு வாய் காபியோடு போனேன். ஒரு தாத்தாவின் காலில் சர்க்கரைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றேன். காது அடைத்தது, கண் இருட்டியது, விழுந்துவிட்டேன். எழுந்தபோது வார்டு சிஸ்டர் என் காலை உயர்த்திப் பிடித்திருந்தார், திட்டவே இல்லை. அன்று அவர் சொன்னதை வருடா வருடம் நானும் சொல்கிறேன்: முட்டியை விறைப்பாக வைத்து நிற்காதே, கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு, தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் அந்த நொடியே சொல்லிவிட்டுத் தரையில் உட்கார். மயக்கம் வருவது கோழைத்தனம் இல்லை. சொல்லாமல் நின்று டிரெஸ்ஸிங் டிராலி மேல் விழுவதுதான் ஆபத்து.

பேருந்து வருவதற்குள் எங்கள் லேபையும் காட்டிவிடுகிறேன், ஓடி வாருங்கள்! இங்கேதான் இவர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். கட்டிலில் படுத்திருக்கிற டம்மிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ராசாத்தி. ராசாத்திக்கு எத்தனை ஊசி, எத்தனை ஸ்பாஞ்ச் பாத்! நான் செய்து காட்டுவேன், அது டெமோ. அவர்கள் திருப்பிச் செய்து காட்ட வேண்டும், அது ரீ-டெமோ. என்னிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ராசாத்தியிடம் வாய் திறந்து பேசாமல் யாரும் அவளைத் தொடக்கூடாது. "ராசாத்தி அக்கா, முதுகு துடைச்சு விடப் போறேன். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? தண்ணி சூடு சரியா இருக்கா?" முதல் நாள் கூச்சப்பட்டுச் சிரிக்கும் பிள்ளைகள் மூன்றாம் நாள் ராசாத்தியிடம் மருமகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். கை பழகிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், வாயும் பழக வேண்டும். லேபில் பேசாத வார்த்தை வார்டில் வரவே வராது.

படுக்கை விரிப்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஆசையாக இருக்கும். விரிப்பின் மூலையை ஒரு முக்கோணமாகத் தூக்கி, தொங்குவதை மெத்தைக்கு அடியில் செருகி, முக்கோணத்தை இறக்கி மறுபடி செருகினால் கடிதஉறை மடிப்பு மாதிரி ஒரு மூலை வரும். அதன் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பேன், ஒரு சுருக்கம் தட்டுப்பட்டாலும் திரும்பவும் போட வேண்டும். அழகுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். அசைய முடியாமல் படுத்திருப்பவருக்கு அந்தச் சுருக்கம்தான் தோலை அழுத்தி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, படுக்கைப்புண்ணாக மாறுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதும் சுருக்கமில்லாத விரிப்பும் சேர்ந்தால் எத்தனை புண் வராமல் போகும்!

பேருந்து ஆஸ்பத்திரி வளைவுக்குள் திரும்பும்போது என் மனம் எங்கெங்கோ போகும். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்குச் சென்னையில் அனுமதி கிடைத்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய நர்சிங் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அன்றைய பெண்கள் எந்த எதிர்ப்பையெல்லாம் தாண்டி வீட்டுப் படியை விட்டு இறங்கி வந்தார்களோ! அந்த வரிசையின் கடைசியில் இதோ என் நாற்பது பிள்ளைகள், இட்லிச் சட்னி மணத்தோடு, கையில் சானிடைசர் தேய்த்தபடி இறங்குகிறார்கள்.

மணி ஏழு. இரவு டூட்டி சிஸ்டர் காலை டூட்டி சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற நேரம். ஹேண்டிங் ஓவர்! எனக்கு இதைவிட விறுவிறுப்பான காட்சி சினிமாவிலும் கிடையாது. "நாலாம் பெட், போஸ்ட் ஆப் ரெண்டாம் நாள், டிரெய்ன் அம்பது, நேத்து ராத்திரி வாந்தி ஒரு தடவை, இப்ப சிப்ஸ் வாட்டர் ஆரம்பிக்கலாம்னு சொல்லிருக்காங்க. அஞ்சாம் பெட் சுகர் பேஷன்ட், ஆறு மணிக்கு நூத்தி எண்பது…" ரயில் வேகத்தில் போகும். புதுப் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறேன். ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். கட்டத்துக்கு ஒரு படுக்கை. எண், என்ன நோய், எத்தனையாவது நாள், இன்று என்ன பாக்கி. அந்த நாலு விஷயம் மட்டும் காதில் விழட்டும். மற்றதைக் கேஸ் ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் அந்தத் தாளில் எழுதக்கூடாது, டூட்டி முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். நோயாளியின் விஷயம் அவருடையது. பேருந்தில் பேசுவதற்கும் செல்போனில் படம் எடுப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை.

டாக்டரைப் போனில் கூப்பிட வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு முறை உண்டு, 'எஸ்பார்' என்பார்கள். இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன்னால் என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். நாலே வரி. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த வழக்கம் இது என்று சொன்னதும் பிள்ளைகள் கண் விரிய வேண்டுமே! தண்ணீருக்கு அடியில் பேசிய பாஷையை இங்கே பெண்கள் மெடிக்கல் வார்டில் பேசுகிறார்கள்.

இப்போது கட்டிலருகே போகலாம். சங்கரன்கோவில் பிள்ளைக்கு இன்று கிடைத்தது ஒன்பதாம் பெட், எழுபது வயது ஆச்சி, மூச்சிரைப்போடு வந்து தேறிக்கொண்டிருக்கிறார். பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் தயங்கினாள். நான் தள்ளியே நின்றேன். இந்த முதல் அடியை யாரும் யாருக்காகவும் எடுத்து வைக்க முடியாது.

"வணக்கம் ஆச்சி. நான் நர்சிங் படிக்கிற பிள்ள. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் உங்களப் பாத்துக்கப் போறேன். உங்க பேரு சொல்லுங்க ஆச்சி."

பார்த்தீர்களா, பெயரை அவரே சொல்லும்படி கேட்டாள். "நீங்கதானே மாரியம்மா?" என்று கேட்டால் காது மந்தமான ஆச்சி எல்லாவற்றுக்கும் "ஆமா தாயி" என்பார். பயந்தவரும் ஆமாம் என்பார், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் ஆமாம் என்பார். தவறான ஆளுக்குத் தவறான மருந்து போவது இப்படித்தான். பெயரை அவர் வாயால் வாங்கி, கையிலுள்ள அடையாளப் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து டி.பி.ஆர். காய்ச்சல், நாடி, மூச்சு. இதில் ஒரு ரகசியம் இருக்கிறது, வெளியே சொல்லாதீர்கள்! மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குச் சொல்லவே மாட்டோம். சொன்னால் அவரை அறியாமலே மூச்சு மாறிவிடும். உங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டே இயல்பாக விட்டுப் பாருங்கள், முடியாது. அதனால் பிள்ளை ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுகிறாள், எண்ணி முடித்த பிறகும் கையை விடுவதில்லை. விரல் நாடியிலேயே இருக்கும், கண் மட்டும் மார்பு ஏறி இறங்குவதற்கு நகர்ந்திருக்கும். ஆச்சி இன்னும் நாடிதான் பார்க்கிறாள் என்று நினைத்துச் சும்மா இருப்பார். ஒரு முழு நிமிடம். இருபத்திரண்டு. கொஞ்சம் அதிகம். அவள் அதை நோட்டில் எழுதிவிட்டு ஆச்சியின் தலைமாட்டை உயர்த்தினாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே!

பிறகு பிரஷர். ஐயோ, நான் இதற்குத்தான் காத்திருந்தேன்! ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனை முன்பக்கம், மூக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். புதுப் பிள்ளைகள் பாதிப் பேர் அதைத் திருப்பி மாட்டிக்கொண்டு, "மேம், ஒண்ணுமே கேக்கல" என்று கலங்குவார்கள். அவள் சரியாக மாட்டினாள். கைமடிப்பில் நாடியைத் தொட்டுப் பார்த்து இடம் கண்டுபிடித்தாள். மணிக்கட்டு நாடி மறையும் வரை காற்றடித்து, அதற்கு மேலும் முப்பது ஏற்றி, ஸ்டெத்தை வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று என்ற அளவில் மெதுவாக இறக்கினாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டக்… டக்… டக்… கேட்டுவிட்டது! ராசாத்தியிடம் கேட்க முடியாத சத்தம் அது. உயிருள்ள ஒருவரின் ரத்தம், அழுத்திப் பிடித்த குழாய் வழியே முட்டி மோதித் திறந்துகொண்டு ஓடுகிற சத்தம். ரஷ்யாவின் நிக்கோலாய் கொரொட்காஃப் என்ற அறுவை மருத்துவர் 1905-இல் இதை உலகுக்குச் சொன்னார், இன்னும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். முதல் சத்தம் மேல் அளவு. சத்தம் மறைகிற இடம் கீழ் அளவு. அவள் என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து, "கேட்டுச்சு மேம்" என்றாள். நான் அழுதேன். ஒவ்வொரு வருடமும் அழுகிறேன்.

மருந்து டிராலி பக்கம் போனால் நான் வேறு ஆள். அங்கே செல்லம் கிடையாது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து 'சரி'யில் தொடங்கும் பட்டியலில் இப்போது எழுதிவைப்பது, காரணம் அறிவது, மறுக்கும் உரிமை என்றெல்லாம் சேர்ந்திருக்கிறது. மாணவி தனியாக மருந்து கொடுக்கக்கூடாது. நானோ ஸ்டாஃப் சிஸ்டரோ பக்கத்தில் நிற்க வேண்டும். கணக்கும் வேண்டும். 500 மில்லி பாட்டில், வார்டு பாஷையில் ஒரு பைன்ட், எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட். நிமிடத்துக்கு எத்தனை? 500-ஐ 20-ஆல் பெருக்கி, எட்டு மணி நேரத்தின் 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 21. அதாவது பதினைந்து நொடிக்கு ஐந்து சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீலை நகர்த்தி நகர்த்தி அந்த ஐந்தைப் பிடிக்கும்போது, பையன்கள் கேரம் போர்டு விளையாடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இன்சுலினில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்தும் உண்டு, 100 யூனிட் இருக்கிற மருந்தும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் நாற்பதுக்கு, ஆரஞ்சு மூடி நூறுக்கு. நூறு யூனிட் மருந்தை நாற்பது யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு! சில வருடம் முன்பு ஒரு பையன், பேச்சே குறைவான பிள்ளை, டிராலி முன்னால் நின்று, "மேம், பாட்டில் நூறு போட்டிருக்கு, இது சிவப்பு மூடி" என்றான். அன்று அந்த வார்டில் ஒரு பெரிய தவறு நடக்காமல் போனது. பரீட்சையில் அவன் முதல் பத்தில் வந்ததில்லை. எனக்கு அவன்தான் முதல் மாணவன்.

போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதே, இது நான் நூறு தடவை சொல்வது. ஊசி உடைக்கும் கருவிக்கும், துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கும் நேராகப் போகட்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மற்ற குப்பைகளுக்கும் நிறப் பைகளும் பெட்டிகளும் உண்டு, 2016-ஆம் ஆண்டின் விதிகள்படி. தப்பித் தவறிக் குத்திவிட்டால்? விரலைப் பிதுக்காதே, வாயில் வைக்காதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவு, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. திட்டு விழுமே என்று மறைத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தாள். என்னிடம் சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருப்பேனே! போஸ்டிங்குக்கு முன்பே மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்கிறதா என்று நான் கார்டு வாங்கிப் பார்ப்பது இதனால்தான்.

வார்டில் யார் பெரியவர்? என் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஆளைக் காட்டிவிடுவேன்: துப்புரவு அக்கா. இருபது வருடம் ஒரே வார்டு. எந்த அலமாரியில் கூடுதல் பெட்பேன், எந்தக் குழாயில் வெந்நீர், எந்த நோயாளிக்கு ராத்திரி துணைக்கு ஆளில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு வணக்கம் சொல்லாத மாணவி என் மாணவி இல்லை. ஸ்டாஃப் சிஸ்டர்கள் முகம் கொடுக்கவில்லை என்று பிள்ளைகள் வருத்தப்படுவதுண்டு. நாற்பது நோயாளியை இரண்டு பேர் பார்க்கிற வேளையில் முகம் எப்படி மலரும்? "சிஸ்டர், நான் இந்தப் பக்கம் பத்துப் பேருக்கு டி.பி.ஆர். எடுத்துரட்டுமா?" என்று போய் நில், பிறகு பார்! பதினோரு மணிக்கு அதே சிஸ்டர் கூப்பிட்டு, "வா, கதீட்டர் போடப் போறேன், பாரு" என்பார். கை சும்மா இருக்கிற பிள்ளையை வார்டு மறந்துவிடும்.

கேள்விக்கு விடை தெரியாவிட்டால் முழிக்க வேண்டாம். "தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்ற வாக்கியத்தை நான் இவர்களுக்கு மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறேன். சொன்னபடி கேட்டுவந்து சொல்லவும் வேண்டும். நோயாளிகள் அதை மறக்க மாட்டார்கள்.

லேபர் வார்டுக்கு வருகிறீர்களா? உள்ளே உங்களை விட முடியாது, நான் சொல்கிறேன், கேளுங்கள். முதல் பிரசவத்தைப் பார்க்கிற பிள்ளைகள் அந்தத் தாயோடு சேர்ந்து தாங்களும் முக்குவார்கள், தெரியாமலே! தலை தெரிகிறது, தோள் வருகிறது, வழுக்கிக்கொண்டு ஒரு முழு மனித உயிர் வெளியே. அழுகை வரும் வரை அறையில் யாரும் மூச்சு விடுவதில்லை. ஒரு நிமிடத்தில் ஒரு மதிப்பெண், ஐந்தாவது நிமிடத்தில் இன்னொன்று: நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகச்சுளிப்பு, கைகால் அசைவு, மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் பத்து. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் வகுத்த அளவுகோல். உலகத்துக்கு வந்த அறுபதாவது நொடியிலேயே நமக்குப் பரீட்சை வைத்துவிட்டார்கள் பாருங்கள்!

வெளியே அதைவிடக் கஷ்டமான பரீட்சை காத்திருக்கும். கருப்பட்டித் தண்ணீரோ சீனித் தண்ணீரோ எடுத்துக்கொண்டு, சேனை வைக்க அப்பத்தா நிற்பார். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கூடாது, அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொன்னால் சண்டைதான் வரும். போன வருடம் நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என்ன செய்தாள் தெரியுமா? அப்பத்தாவின் கையைக் கழுவவைத்து, குழந்தையை அந்தக் கையில் கொடுத்து, "அப்பத்தா, உங்க கையாலயே புள்ளையத் தாய் மாருல போடுங்க. மஞ்சளா வருது பாருங்க சீம்பால், அதுதான் நல்ல சேனை" என்றாள். அப்பத்தா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நாலு வருடப் படிப்பில் நான் சொல்லித்தராத பாடம் அது. அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இறப்பும் வரும். முதல் போஸ்டிங்கிலேயே வந்துவிடலாம். காலையில் முகம் துடைத்துவிட்டவர் மத்தியானம் இருக்க மாட்டார். கண்ணை மூடிவிட்டு, உடம்பைத் துடைத்து, கைகால் நேராக்கி, உயிரோடு இருந்தபோது பேசிய அதே குரலில், "ஐயா, இப்பத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் செய்ய வேண்டும் என்று கற்றுத்தந்திருக்கிறேன். முடிந்ததும் அந்தப் பிள்ளையை டீ குடிக்கக் கூட்டிப்போவேன். பேசினால் கேட்பேன், அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்று ரெக்கார்ட் நோட்டு கேட்க மாட்டேன்.

ரெக்கார்ட் நோட்டு என்றதும் நினைவு வருகிறது: கேர் பிளான், கேஸ் ஸ்டடி, மருந்துக் குறிப்பு. இவற்றைச் சேர்த்து வைத்தால் மலைப்பாக இருக்கும். அன்றன்றே அரை மணி நேரம் எழுதிவிடு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிராமத்துப் போஸ்டிங்கை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கையில் கம்யூனிட்டி பேக். எந்த வீட்டுத் திண்ணையில் வைத்தாலும் முதலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல்தான் பை. சோப்பை எடுத்துக் கை கழுவிய பிறகே பைக்குள் கை போகும். நேற்றைய வீட்டின் கிருமி இன்றைய வீட்டுக்குப் போகக்கூடாதே! பிறகு ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் டியூப், 5 மில்லி பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர். காய்ச்சினால் நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சர்க்கரை அதிகம். ஊர்ச் சிறுவர்கள் சுற்றி நின்று, "அக்கா, எங்க தாத்தாவுக்கும் கலர் மாத்திக் காட்டுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள்.

மணி ஒன்றரை. ஒன்பதாம் பெட் ஆச்சி பிள்ளையின் கையை விடவில்லை. "நாளைக்கும் வருவியா தாயி?" "வருவேன் ஆச்சி, ஏழு மணிக்கு." மூச்சு இப்போது பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. அவள் அதை ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, எட்டுக் கட்டத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிவந்து பேருந்தைப் பிடித்தாள்.

பேருந்து கிளம்பிப் பாலம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கொண்டை சரிந்து, ஷூ கழன்று, ஒருவர் தோளில் ஒருவர். நான் ஆட்களை எண்ணிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தேன். சங்கரன்கோவில் பிள்ளை மட்டும் விழித்திருந்தாள். தன் மேல் சாய்ந்து தூங்குகிற தோழியின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். கண் நெஞ்சில் தொங்கும் கடிகாரத்துக்குப் போனது, பிறகு தோழியின் மார்பு ஏறி இறங்குவதற்கு நகர்ந்தது. என்னைப் பார்த்ததும் பேசாதீர்கள் என்று தலையசைத்தாள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு நிமிடம் முடிந்தது.

"பதினாறு, மேம்" என்றாள், மெதுவாக.